புள்ளிராஜாவும் திண்டுக்கல் பூட்டும்

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்கள் இப்போதெல்லாம் பிரியாணி என்கிறார்கள். அதற்கு ரொம்ப காலம் முன்பே ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பூட்டு. நாகல் நகர் பக்கம் போனால் இன்றைக்கும் சில பட்டறைகளில் அரம் வைத்து ராவும் சத்தம் கேட்கும். முன்பு மாதிரி கூட்டம் இல்லை. அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் சந்தையைப் பிடித்துவிட்டன. ஆனாலும் மாங்காய்ப் பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் மறக்காது.

அந்தப் பூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? உள்ளே ஐந்தோ ஆறோ லீவர் தகடுகள் அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு தகடு கொஞ்சம் ஏறினாலும் தப்பு, இறங்கினாலும் தப்பு. எல்லாம் ஒரே வரிசையில் நின்றால்தான் நாக்கு நகரும், பூட்டு திறக்கும்.

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மாதத்தில்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. இரண்டும் ஒரே மாவட்டம். விண்ணப்பம் போட்டது ஒரு தனி முதலாளி இல்லை, பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம். புவிசார் குறியீட்டின் விசேஷமே அதுதான். அது ஒரு ஊரின் கைத்திறனுக்குத் தரப்படும் உரிமை. எவரோ ஒருவர் "இது எனக்கு மட்டும்" என்று எழுதி வாங்கிக்கொள்ள முடியாது.

இப்போது ஒரு கேள்வி. பூட்டு ஊருடையது, சரி. நம் உடம்பில் இருக்கிற பூட்டு யாருடையது?

இதென்ன கேள்வி, உடம்பு யாருடையதோ அவருடையதுதானே என்று தோன்றும். ஆனால் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மனித உடம்பில் உள்ள ஒரு பூட்டின் மரபணுவுக்கு ஒரு அமெரிக்கக் கம்பெனி காப்புரிமை வாங்கியது. அது சாதாரணப் பூட்டு இல்லை. எய்ட்ஸ் கிருமி உள்ளே நுழையும் வாசல். வேடிக்கை என்னவென்றால், விண்ணப்பம் போட்ட நாளில் அந்தப் பூட்டுக்கும் எய்ட்ஸுக்கும் சம்பந்தம் இருப்பது அந்தக் கம்பெனிக்கே தெரியாது!

உடம்புக்குள் ஒரு பூட்டுக்கடை

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுதான் செல்லின் சுவர். வெளியே இருந்து வரும் பெரும்பாலான செய்திகள், இன்சுலின், அட்ரினலின், காயம் பட்ட இடத்திலிருந்து வரும் அபாய அறிவிப்பு எதுவானாலும், சுவரைத் தாண்டி அப்படியே உள்ளே போய்விட முடியாது. சுவரில் பதித்திருக்கும் புரதங்கள் அந்தச் செய்தியைப் பிடித்து உள்ளே கடத்துகின்றன. இவற்றுக்குத்தான் ரிசப்டர் என்று பேர். தமிழில் ஏற்பி.

பூட்டு, சாவி உவமை புதிதில்லை. 1894-லேயே எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் என்சைம்களைப் பற்றிச் சொல்லும்போது அதைப் பயன்படுத்தினார். ஏற்பிக்கும் அது பொருந்தும். இன்சுலின் என்ற சாவிக்கு இன்சுலின் ஏற்பி என்ற பூட்டு. சாவி பொருந்தியதும் பூட்டின் உருவம் கொஞ்சம் அசையும். அந்த அசைவு செல்லுக்குள்ளே ஒரு வேலையைத் தொடங்கி வைக்கும்.

இந்தப் பூட்டுகளில் ஒரு பெரிய குடும்பம் உண்டு. ஊசிநூல் துணியில் ஏறி இறங்குவது போல இவை சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும். மனிதனில் இந்தக் குடும்பத்துக்கு மட்டும் சுமார் 800 மரபணுக்கள். அவற்றில் பாதிக்குப் பக்கம் மூக்கில் வாசனை பிடிக்கிற வேலையில் இருக்கின்றன. இன்று கடையில் விற்கும் மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்தக் குடும்பத்தின் ஏதோ ஒரு பூட்டின் மேல்தான் வேலை செய்கிறது. ஆஸ்துமா இன்ஹேலர், சில பிரஷர் மாத்திரைகள், அலர்ஜி மாத்திரை எல்லாம் இதில் அடக்கம்.

அப்படியானால் புதுசாக ஒரு பூட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? 1990-களில் இரண்டு வழி இருந்தது.

முதல் வழி, ஜாடை பார்ப்பது. ஏற்கெனவே தெரிந்த பூட்டுகளின் மரபணு எழுத்துகளை வைத்துக்கொண்டு அதே ஜாடையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று டி.என்.ஏ.வில் துழாவுவது. அண்ணன் தம்பி முகஜாடையை வைத்துத் திருவிழாக் கூட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

இரண்டாவது வழி, மொத்தமாக அள்ளுவது. செல்லுக்குள் எந்த மரபணு வேலை செய்கிறதோ அதற்கு ஒரு நகல் சீட்டு உருவாகும். அந்தச் சீட்டுகளை எல்லாம் வாரி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை மட்டும் வேகமாகப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது. பிறகு கம்ப்யூட்டர் ஜாடை பார்த்துச் சொல்லும், "இது ஏதோ ஏற்பி போல இருக்கிறது" என்று. 1992-ல் தொடங்கிய ஹியூமன் ஜீனோம் சயின்சஸ் என்ற கம்பெனி இதைப் பெரிய அளவில் செய்தது. அதன் தலைவர் வில்லியம் ஹேசல்டைன்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் கிடைப்பது பூட்டின் வரைபடம் மட்டும்தான். அதன் சாவி எது, எந்த வீட்டுக் கதவில் தொங்குகிறது, திறந்தால் உள்ளே என்ன நடக்கும், எதுவும் தெரியாது. சாவி தெரியாத ஏற்பிகளை விஞ்ஞானிகள் அநாதை ஏற்பி என்றே சொல்கிறார்கள். காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஒரு கம்பெனியின் பதிவு எண் கிடைத்துவிட்டது, அது என்ன வியாபாரம் செய்கிறது என்று தெரியவில்லை.

ஆறு ரத்த மாதிரிகள்

இனி கொஞ்சம் சென்னைக்குப் போவோம். அந்தப் பூட்டின் கதைக்கு இங்கேயும் ஒரு வேர் இருக்கிறது.

1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் கண்டறியப்பட்டது. 1983-ல் கிருமி பிடிபட்டது. இந்தியாவில் பெரும்பாலானோர் "அதெல்லாம் நம்ம ஊரில் வராது" என்று இருந்த காலம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். வருமா வராதா என்று பேசிக்கொண்டிருக்காமல் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்பது யோசனை.

நிர்மலா தயங்கினார். வீட்டில் கணவர் ராமமூர்த்தி தைரியம் சொல்லி ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் தங்கவைக்கப்பட்டிருந்த காப்பகத்தில் ரத்த மாதிரிகள் எடுத்தார். மூன்று மாதத்தில் 80-க்கும் மேல் சேர்ந்தன. பாதுகாத்து வைக்கத் தனி வசதி இல்லாததால் மாதிரிகள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தன. சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் 1986 பிப்ரவரியில் வேலூர் சி.எம்.சி.க்கு ரயிலில் கொண்டு போனார்கள்.

ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுபடி சோதித்தார்கள், மறுபடியும் மஞ்சள். அமெரிக்காவிலும் சோதித்து உறுதியானது. அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு முதல் அத்தாட்சி அதுதான்.

சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கிக் கடைசிவரை இந்த நோயாளிகளோடே இருந்தார். 2015-ல் காலமானார். 2017-ல் பத்மஸ்ரீ வந்தது. ரத்தம் கொடுத்த பெண்களுக்கு என்ன வந்தது? பேர் வெளியே வராமல் இருந்ததே அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

அப்புறம் வந்தான் புள்ளிராஜா. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க சுவரிலும் பஸ்ஸிலும் ஒரே கேள்வி: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" யார் இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் எல்லாம் பேச்சு. லாரிகள் நிற்காமல் ஓடும் மதுரை - பெங்களூர் சாலையில் இருக்கும் திண்டுக்கல்லில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் அதிகம்.

விளம்பரம் எதிர்பார்த்த பதில் நடத்தையைப் பற்றியது. பாதுகாப்பு இல்லாமல் இருந்தால் வரும், ஜாக்கிரதையாக இருந்தால் வராது. ஆனால் அதே கேள்வியை விஞ்ஞானிகள் வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிருமி உடம்புக்குள் வந்த பிறகும் சிலருக்கு ஏன் தொற்றுவதில்லை?

இரண்டு சாவி லாக்கர்

எச்.ஐ.வி. ஒரு கள்ளச்சாவி. ரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளையணுவின் சுவரில் சிடி4 என்ற புரதம் இருக்கிறது. கிருமி அதைப் பிடித்துத்தான் உள்ளே போகிறது என்பது 1984-லேயே தெரிந்துவிட்டது. வாசல் தெரிந்தாச்சு, அடைத்துவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

ஆனால் மனித சிடி4-ஐ எலியின் செல்லில் பதித்துப் பார்த்தபோது கிருமி போய் ஒட்டியது, உள்ளே போக முடியவில்லை. அப்படியென்றால் இன்னொரு பூட்டும் இருக்கிறது! பேங்க் லாக்கர் மாதிரி. வாடிக்கையாளர் சாவி மட்டும் போதாது, மேனேஜரிடம் இருக்கும் சாவியும் வேண்டும். அந்த இரண்டாவது பூட்டைத் தேடிப் பன்னிரண்டு வருஷம் ஓடியது.

கடைசியில் எல்லாம் ஆறேழு மாதத்துக்குள் மடமடவென்று நடந்தன. 1995 டிசம்பரில் ராபர்ட் கேலோவின் குழு, உடம்பில் இயல்பாகச் சுரக்கும் மூன்று கீமோகைன்கள் கிருமியைத் தடுப்பதாகச் சொன்னது. கீமோகைன் என்பது காயம் பட்ட இடத்துக்கு வெள்ளையணுக்களை "இங்கே வா" என்று கூப்பிடும் செய்தி. ஏன் தடுக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

1996 மார்ச்சில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் மார்க் பார்மென்டியே குழு ஒரு புதிய ஏற்பி மரபணுவை வெளியிட்டது. ஜாடை பார்த்துக் கண்டுபிடித்ததுதான். 352 அமினோ அமிலங்கள், ஏழு முறை சவ்வை ஊடுருவும் அமைப்பு, மூன்றாவது குரோமோசோம். ஏற்கெனவே தெரிந்த ஒரு ஏற்பியோடு முக்கால் பங்கு ஒத்துப்போனது. அவர்கள் வரைபடத்தோடு நிற்கவில்லை. அந்த மரபணுவை வேறு செல்களில் புகுத்தி, பூட்டைச் சுவரில் முளைக்கவைத்து, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார்கள். எவை திறந்தன தெரியுமா? கேலோ சொன்ன அதே மூன்று கீமோகைன்கள்! பூட்டின் பேர் சிசிஆர்5.

மே மாதம் அமெரிக்காவில் எட்வர்ட் பெர்கர் குழு, எச்.ஐ.வி.யின் இன்னொரு வகை பயன்படுத்தும் துணைப் பூட்டைக் கண்டுபிடித்தது. அது அதுவரை சாவி தெரியாமல் கிடந்த ஓர் அநாதை ஏற்பி. பிற்பாடு சிஎக்ஸ்சிஆர்4 என்று பேர் வைத்தார்கள். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் பொறி தட்டிவிட்டது. ஜூன் மாதத்தில் ஐந்து ஆய்வுக் குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சொன்னார்கள்: ஆளுக்கு ஆள் தொற்றும் எச்.ஐ.வி. பெரும்பாலும் பயன்படுத்தும் இரண்டாவது பூட்டு சிசிஆர்5. மூன்று கீமோகைன்கள் கிருமியைத் தடுத்த மர்மமும் விடுபட்டது. நல்ல சாவி துவாரத்தில் இருக்கும்போது கள்ளச்சாவி எப்படி நுழையும்?

பூட்டே இல்லாத ஆட்கள்

நியூயார்க்கில் ஸ்டீபன் க்ரோன் என்று ஒருவர். 1980-களில் அவருடைய நண்பர்கள் ஒவ்வொருவராக எய்ட்ஸில் இறந்துகொண்டிருந்தார்கள். அவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. "என்னைச் சோதியுங்கள்" என்று அவராகவே ஆராய்ச்சியாளர்களிடம் போனார். அவருடைய வெள்ளையணுக்களில் கிருமியை ஊற்றிப் பார்த்தார்கள். தொற்றவே இல்லை.

1996 ஆகஸ்டில் காரணம் தெரிந்தது. அவருடைய சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் காணோம். 32 போனதால் அதற்குப் பின்னால் உள்ள வரிசை குழம்பி, 352 அமினோ அமிலம் இருக்க வேண்டிய புரதம் 215-லேயே முடிந்துவிடுகிறது. அரைகுறைப் பூட்டு செல்லின் சுவருக்கே வந்து சேராது. திறக்கப் பூட்டே இல்லாத சுவரில் கள்ளச்சாவி என்ன செய்யும்?

அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் இந்தக் குறை வந்தால் பாதுகாப்பு மிக அதிகம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் நோய் மெதுவாக வளரும். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 10 சதவீதம் பேரிடம் ஒரு பிரதியும், சுமார் 1 சதவீதம் பேரிடம் இரண்டும் உண்டு.

அடுத்து நடந்ததெல்லாம் செய்தித்தாளில் வந்த கதைகள். பெர்லினில் ரத்தப் புற்றுநோயோடு எச்.ஐ.வி.யும் இருந்த டிமதி ரே பிரவுனுக்கு, பூட்டு இல்லாத ஒருவரின் எலும்பு மஜ்ஜை செல்களை 2007-ல் மாற்றிப் பொருத்தினார்கள். எச்.ஐ.வி.யிலிருந்து குணமான முதல் மனிதர் அவர். அதே 2007-ல் ஃபைசர் கம்பெனியின் மாரவிராக் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிசிஆர்5-இல் போய் ஒட்டிக்கொண்டு பூட்டின் உருவத்தை மாற்றி, கள்ளச்சாவியைத் தடுக்கும் மாத்திரை. 2019-ல் லண்டனிலும் மஜ்ஜை மாற்றத்தால் ஒருவர் குணமான செய்தி வந்தது.

ஒரு மரபணு வரைபடமாக மட்டும் இருந்தபோது அதற்கு மதிப்பு என்ன, அதன் சாவியும் கள்ளச்சாவியும் தெரிந்த பிறகு மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். நடுவில் ஒன்றரை வருஷம்கூட இல்லை.

பத்திரம் யார் பேரில்?

இப்போது அந்தக் கம்பெனி கதைக்கு வரலாம். ஹியூமன் ஜீனோம் சயின்சஸ் தன் கம்ப்யூட்டர் பட்டியலில் கிடைத்த ஒரு மரபணுவுக்கு 1995 ஜூனில் காப்புரிமை விண்ணப்பம் போட்டிருந்தது. அவர்கள் வைத்த பேர் வெறும் குறியீடு. ஏதோ கீமோகைன் ஏற்பி போல இருக்கிறது, பல நோய்களுக்குப் பயன்படலாம் என்ற அளவில் விண்ணப்பம். எச்.ஐ.வி. நுழையும் வழி இதுதான் என்று அதில் இல்லை. இருக்கவும் முடியாது, அது உலகத்துக்கே தெரிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

2000 பிப்ரவரியில் காப்புரிமை கிடைத்ததும் ஆராய்ச்சியாளர்களிடம் பெரிய சத்தம். பிரஸ்ஸல்ஸில் சாவி போட்டுப் பார்த்தவர்கள், எச்.ஐ.வி.யோடு முடிச்சுப் போட்ட ஐந்து குழுக்கள், தானாக வந்து ரத்தம் கொடுத்த க்ரோன், இவர்களின் வேலையால் மதிப்பு வந்த சொத்துக்குப் பத்திரம் வேறொருவர் கையில்! கம்பெனியின் பங்கு விலை ஏறியது. கல்லூரி ஆராய்ச்சியைத் தடுக்க மாட்டோம், மருந்து செய்பவர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்பது கம்பெனியின் நிலை.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான மரபணுக்களைப் படிக்கக் கோடிக்கணக்கில் பணம் போட்டார்கள். முதல் போட்டவனுக்கு வருமானம் இல்லையென்றால் அடுத்து யார் முதல் போடுவார்கள்? காமர்ஸ் படிக்கும் எவருக்கும் இது புரியும். சட்டப்படியும் அவர்கள் எதையும் மீறவில்லை. அன்றைய சட்டம், முதலில் கண்டுபிடித்து வரைபடத்தைக் கொடுத்தவருக்கு உரிமை கொடுத்தது. பிறகு தெரியவரும் பயன்களும் அந்த உரிமைக்குள்ளேயே வந்தன.

சிக்கல் அங்கேதான். ஒருவர் ஒரு பூட்டின் படத்தை வரைகிறார். இன்னொருவர் பல வருஷம் உழைத்து அதன் சாவியைக் கண்டுபிடிக்கிறார். உரிமை படம் வரைந்தவருக்கு என்றால், நாளைக்குச் சாவி தேடும் வேலைக்கு யார் வருவார்கள்? பட்டறையில் லீவர் ராவும் ஆளைக் கேட்டால் சொல்வார், பூட்டில் கஷ்டமான வேலை மேல் மூடி இல்லை, உள்ளே இருக்கும் பொருத்தம்தான் என்று.

சட்டமும் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது. 2001 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் விதியை இறுக்கியது. மரபணுவுக்குக் குறிப்பிட்ட, கணிசமான, நம்பத்தகுந்த பயனைக் காட்ட வேண்டும். 2013 ஜூனில் மிரியட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில் இந்தக் கதவு முன்பே சாத்தியிருந்தது. இங்குள்ள காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(சி)-படி, இயற்கையில் உள்ள பொருளைக் கண்டுபிடித்தது மட்டும் புத்தாக்கம் ஆகாது. அந்தக் கம்பெனியை 2012-ல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் சுமார் 300 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. சிசிஆர்5 காப்புரிமையும் காலாவதி ஆகிவிட்டது.

அப்போ எல்லாம் சுபமா? பணக் கணக்கை இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 2000 வாக்கில் மேல்நாட்டில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவு. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா கம்பெனி அதே மாதிரி மூன்று மருந்துக் கூட்டை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. இந்தியச் சட்டம் அப்போது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டும் தந்ததால் அது சாத்தியமானது. 2004 ஏப்ரல் 1-ல் இந்திய அரசு இலவசச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இருப்பது இந்த மாத்திரைகளால்தான். இவை சிசிஆர்5 பூட்டைத் தொடுவதில்லை, உள்ளே புகுந்த கிருமி பெருகுவதைத் தடுப்பவை.

நம்ம ஊர்க் கதவு

சரி, அந்த 32 எழுத்துக் குறை நம்ம ஆட்களிடம் எவ்வளவு? கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த பார்த்தா மஜும்தாரும் பாதல் டேவும் இதைத் தேடி 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தியாவின் பெரும்பாலான இனக்குழுக்களில் அந்தக் குறை இல்லவே இல்லை. இங்கே பரவியிருக்கும் எச்.ஐ.வி.யின் சி வகையோ பெரும்பாலும் சிசிஆர்5 வழியாகவே நுழைவது. அதாவது நம்ம ஊர்க் கதவுகளில் பூட்டு முழுசாகத் தொங்குகிறது, கள்ளச்சாவிக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

ஆக, புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? ஸ்வீடன்காரப் புள்ளிராஜாவாக இருந்தால் மரபணுவைப் பார்த்துவிட்டு நூற்றில் ஒருவருக்கு "கஷ்டம்தான்" என்று சொல்லலாம். திண்டுக்கல் புள்ளிராஜாவுக்கு மரபணு காப்பாற்றும் என்ற பேச்சே வேண்டாம். அவனுக்கு ஆணுறைதான் காப்பு :-)

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பூட்டு இல்லாதது வரமும் இல்லை. சிசிஆர்5 இல்லாதவர்களுக்கு வெஸ்ட் நைல் காய்ச்சல் வந்தால் நிலைமை மோசமாகிறது என்று 2006-ல் தெரிந்தது. உடம்பு சும்மா ஒரு பூட்டைப் பொருத்தி வைக்காது. 2018-ல் சீனாவில் ஒரு விஞ்ஞானி இரட்டைக் குழந்தைகளின் கருவிலேயே இந்த மரபணுவை வெட்டியதற்கு உலகமே திட்டி, அவர் ஜெயிலுக்குப் போனதற்கு இதுவும் ஒரு பின்னணி. எதைத் திறக்கும் பூட்டு என்று முழுசாகத் தெரியாமல் பிடுங்கி எறிவதா?

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஒரே பூட்டு என்று பேர் இருந்தாலும் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் உள்ளே சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போன மதன் பாபு இதில்தான் வேலை செய்கிறார். 2018-ல் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து, ஏற்கெனவே மருந்து இருக்கும் 108 ஏற்பிகளை எடுத்து, சுமார் 68,000 பேரின் மரபணு விவரத்தில் அவை எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். மருந்து போய் ஒட்டும் இடத்திலேயே பலருக்கு மாற்றம் இருந்தது. ஒருவருக்குக் கேட்கும் மாத்திரை இன்னொருவருக்குக் கேட்காமல் போவதற்கு அது ஒரு காரணம் ஆகலாம். வேலை செய்யாத மருந்துக்கு அரசாங்கம் கொடுக்கும் வீண் செலவையும் அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், பிரிட்டன் அரசு மருத்துவத் துறையை வைத்து.

பிரிட்டனுக்குக் கணக்குப் போட முடிகிறது, ஏனென்றால் பட்டியலில் அவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம்மவர்கள் இப்போதுதான் பட்டியலில் ஏறுகிறார்கள். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 இனக்குழுக்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் முழு மரபணு விவரம் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 140 கோடிப் பேரில் 10,000 என்பது சின்ன எண்தான். ஆனால் அது தேசியத் தரவு மையத்தில் இருக்கிறது. எந்த ஒரு கம்பெனியின் பத்திரமும் இல்லை.

அந்தப் பட்டியலிலிருந்து நாளைக்கு ஒரு மருந்து வரலாம். அப்போது உரிமை யாருக்கு என்ற கேள்வி மறுபடி வரும். பட்டியலைப் படித்தவருக்கா, சாவியைக் கண்டுபிடித்தவருக்கா, ரத்தம் கொடுத்தவருக்கா? முதல் இரண்டு பேருக்கும் சட்டத்தில் ஏதோ ஒரு இடம் உண்டு. மூன்றாவது ஆளுக்கு, 1986-ல் காப்பகத்தில் கையை நீட்டிய அந்தப் பெண்களைப் போன்றவர்களுக்கு, இன்னும் சரியான இடம் இல்லை. குறைந்தபட்சம் அந்த மருந்து அவர்கள் வாங்கக்கூடிய விலையில் வர வேண்டும். சிப்லாவின் 350 டாலரும் தாம்பரத்து இலவச மாத்திரையும் அது நடக்கக்கூடியது என்பதற்குச் சாட்சி.

பூட்டுக்கு ஊரே உரிமை கொண்டாட சட்டத்தில் வழி கண்டுபிடித்தாயிற்று. உடம்பின் பூட்டுக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். அதைச் செய்ய விஞ்ஞானிகள் மட்டும் போதாது. சட்டம் படிப்பவர்களும் கணக்குப் படிப்பவர்களும் இந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.